பிடிபட்ட உடல்

டெல்லியில் ஹவுஸ் காஸ் ஏரியை ஒட்டி ஒரு மான் பூங்கா இருக்கிறது. டெல்லியின் முதல் துணைநிலை ஆளுநர் ஆதித்ய நாத் ஜாவின் பெயரைத் தாங்கியது. 1960களில் சில புள்ளிமான்களை வைத்துத் தொடங்கினார்கள். காலப்போக்கில் மந்தை பெருகி 600ஐ எட்டியது. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் காலை நடை போகிறவர்கள், அந்தப் பக்கம் மான்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மந்தை புலியைப் பார்த்ததில்லை, செந்நாயையும் பார்த்ததில்லை.

2023 ஜூனில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இந்தப் பூங்காவின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. இடத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கை, ரத்த உறவுக்குள்ளேயே நடக்கும் இனப்பெருக்கம், நோய் பரவும் அபாயம் ஆகியவை சொல்லப்பட்ட காரணங்கள். மான்களைப் பிடித்து, பெரும்பகுதியை ராஜஸ்தானுக்கும் மீதியை டெல்லியின் தென்கோடியில் உள்ள அசோலா பட்டி சரணாலயத்துக்கும் அனுப்புவதென்று முடிவானது. ராம்கர் விஷ்தாரி, முகுந்த்ரா மலை ஆகிய இரு புலிகள் காப்பகங்களுக்கு 261 மான்கள் லாரியில் போயின. கருவுற்ற பெண் மான்களையும் குட்டிகளையும் கொம்புள்ள ஆண்களையும் சேர்த்தே ஏற்றிவிட்டார்கள் என்று வழக்கு எழுந்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு மான்களை அனுப்பத் தடை விதித்து, மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவை நேரில் ஆய்வு செய்து அறிக்கை தரச் சொன்னது.

சட்டக் கேள்வியை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் அந்த மானின் உடம்பைப் பார்ப்போம். நல்லெண்ணத்தோடு பிடித்தாலும் ஒரு காட்டு விலங்கின் உள்ளே என்ன நடக்கிறது? எவ்வளவு நேரத்தில் நடக்கிறது? லாரிக் கதவைத் திறந்து காட்டில் இறக்கிவிட்டதும் அது முடிந்துவிடுகிறதா?

புலி விட்டுவிடும், நாம் விடமாட்டோம்

மான் ஓடிப் பிழைக்கும் உயிர். புலி பாய்கிறது என்றால் விஷயம் சில நொடிகளில் முடிந்துவிடும். மான் சாகும், அல்லது தப்பும். மானின் உடம்பு செய்துவைத்திருக்கும் அவசர ஏற்பாடெல்லாம் அந்தச் சில நொடிகளுக்கானது. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் விரைகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கால் தசைகளுக்குத் திரும்புகிறது. ஈரல் சேமித்து வைத்த சர்க்கரையை விடுவிக்கிறது. சில நிமிடங்கள் கழித்து ரத்தத்தில் கார்டிசால் ஏறத் தொடங்கும். தப்பித்த மான் நின்று, காதை விறைத்து, மூச்சு வாங்கி, சற்று நேரத்தில் மேயப் போய்விடும். ஏற்றிய கணக்கை உடம்பே இறக்கிவிடும்.

மனிதன் துரத்துவது வேறு வகை. வலையோடு பத்துப் பேர், விசில், கூச்சல், ஜீப்பு. மான் மூலைக்கு ஓடும், கம்பிவலையில் மோதும், திரும்பும், மறுபடி ஓடும். ஒரு பாய்ச்சலில் தவறவிட்ட புலி அநேகமாகத் துரத்துவதை விட்டுவிடும். நாம் விடமாட்டோம்.

ஓட்டம் நீள நீள, தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜனை ரத்தத்தால் கொண்டுவந்து சேர்க்க முடிவதில்லை. ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, ரத்தத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. உடல் வெப்பமும் ஏறுகிறது. 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்தான கட்டம். இப்போது தசை இழைகள் சிதையத் தொடங்குகின்றன. அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பாழாக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். அதைப் பார்த்த கால்நடை மருத்துவருக்கு அந்த மான் பிழைப்பது கடினம் என்று தெரிந்துவிடும்.

இதைக் கேப்சர் மயோபதி என்கிறார்கள். பிடிபட்டதால் வரும் தசைச் சிதைவு. இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் ஹிரோலா மான்களைக் கென்யாவில் 1963இல் வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்த இனத்து மான் ஒன்றின் தசைகள் சிதைந்திருந்ததைப் பற்றி 1964இல் வெளியான கட்டுரை இந்த நோயின் ஆரம்பகால விவரிப்புகளில் முக்கியமானது. மயக்க ஊசி முறையை ஆப்பிரிக்கக் காடுகளில் வளர்த்தெடுத்த கால்நடை மருத்துவர் டோனி ஹார்தூர்ன் அதை எழுதியவர்களில் ஒருவர்.

பின்னர் அமெரிக்க நோயியல் வல்லுநர் டெர்ரி ஸ்ப்ரேக்கர் இதை நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகையில் விலங்கு பிடிபட்ட சில மணி நேரத்துக்குள் அதிர்ச்சியில் சாகும். இரண்டாவதில் கால்கள் தள்ளாடி, சிறுநீரகம் பழுதாகி, சில நாட்களில் சாகும். மூன்றாவதில் விலங்கு முதல் நாள் நன்றாகவே இருக்கும். ஓரிரு நாள் கழித்துப் பின்னங்காலின் பெருந்தசை அறுந்து, குதிகால் தரையில் படிய நிற்கும். நான்காவதுதான் நம்மை ஏமாற்றுவது. பிடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும், மான் தின்னும், குடிக்கும், எல்லாம் சரியாகிவிட்டதென்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். யாராவது கதவைத் தடாலென்று திறப்பார்கள். மான் மிரண்டு நாலடி பாயும், விழும், சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

எத்தனை மான் பிடித்தோம், எத்தனை உயிரோடு இறக்கினோம் என்ற கணக்கில் கடைசி இரண்டு வகைச் சாவுகள் வரவே வராது. கணக்கை மூடிய பிறகு சாகிற மான்கள் அவை.

தரையில் கிடக்கும் மான்

மான் வலையில் விழுந்துவிட்டது, அல்லது மயக்க ஊசி பட்டுச் சாய்ந்துவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்தே அதன் உயிர்.

முதல் வேலை, கண்ணைத் துணியால் கட்டுவது. கண் தெரியாத மானின் துடிப்பு அடங்கும். மயக்கத்தில் இமை மூடாது என்பதால் விழி காயும், மண் விழும். அதற்கும் இந்தத் துணி காவல். இரண்டாவது வேலை, கூட்டத்தின் வாயை மூடுவது. ஊசி போட்ட மான் மரக்கட்டையாகக் கிடந்தாலும் அதன் காது விழித்திருக்கும். மருந்துக்கு அடங்கிய மானை ஒரு கைத்தட்டல் எழுப்பிவிடும்.

மூன்றாவது, படுக்கவைக்கும் விதம். மான் அசைபோடும் விலங்கு. வயிற்றின் முதல் அறையில் தழை எந்நேரமும் நொதித்துக்கொண்டிருக்கும். விழித்திருக்கும் மான் அந்த வாயுவை ஏப்பமாக விட்டுவிடும். மயங்கிய மானுக்கு ஏப்பம் வராது. பக்கவாட்டில் கிடந்தால் வயிறு ஊதி, நுரையீரலை நெருக்கும். மேலேறி வரும் அரைத்த தழை மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா நிச்சயம். அதனால் மார்பு தரையில் பட, நான்கு கால்களும் அடியில் மடங்க, நிமிர்த்திப் படுக்கவைக்கிறார்கள். கழுத்தை உயர்த்திப் பிடித்து, எச்சில் வழிந்து வெளியேற மூக்கு நுனி மட்டும் கீழ்நோக்கி இருக்கப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒருவர் ஆசனவாயில் வெப்பமானியை வைத்தபடியே இருப்பார். ஒருவர் விலா எழுவதை எண்ணுவார். வெப்பம் ஏறினால் வயிற்றடியிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். டெல்லியின் மே மாதத்தில் இந்த வேலையைப் பகலில் செய்ய நினைப்பதே தவறு. பனிக்காலத்து விடியற்காலைதான் ஏற்ற நேரம்.

ஆண் மானின் கொம்பு தனி விஷயம். வளரும் பருவத்தில் மெல்லிய தோல் போர்த்திய கொம்பு அது. உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்திருக்கும். லாரிப் பலகையில் இடித்தால் வலியும் ரத்தமும்தான். தோல் உதிர்ந்து இறுகிய கொம்போ, நெரிசலில் அடுத்த மானின் வயிற்றைக் கிழிக்கும். நிறைகர்ப்ப மானுக்கு விரட்டலே கரு கலையக் காரணமாகலாம். ஹவுஸ் காஸ் மான்களில் எவற்றை ஏற்றினார்கள் என்பது ஏன் நீதிமன்றம் வரை போனது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஊசி என்ற நம்பிக்கை

யானையோ சிறுத்தையோ ஊருக்குள் வந்ததும், மயக்க ஊசி போட்டுப் பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்கிறோம். சினிமாவில் ஊசி பட்ட நொடியில் விலங்கு சாயும். நிஜத்தில் மருந்து வேலை செய்யப் பத்து நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் விலங்கு எங்கே வேண்டுமானாலும் ஓடும். குளத்தில் விழுந்து மூழ்கும், பள்ளத்தில் உருளும், நெடுஞ்சாலையில் ஏறும்.

மருந்துகளும் சாதாரணமானவை அல்ல. 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட எடார்ஃபின் மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது. மருத்துவரின் தோலில் ஒரு சொட்டு ஏறினாலும் ஆபத்து. மாற்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் குப்பியையே திறப்பார்கள். இந்தியாவில் அதிகம் புழங்குவது சைலசின், கெட்டமின் கலவை. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஹெல்லாப்ரூன் விலங்குக்காட்சிசாலையில் உருவான ஒரு கலவை அந்தப் பெயரிலேயே உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. சைலசினுக்கு மாற்று மருந்து உண்டு, கெட்டமினுக்குக் கிடையாது. சைலசின் உடலின் வெப்பக் கட்டுப்பாட்டையும் குலைத்துவிடும்.

இதைவிட முக்கியமானது, மிரண்ட விலங்கில் மருந்து சரியாக வேலை செய்யாது என்பது. அட்ரினலின் பொங்கிக்கொண்டிருக்கும் உடம்பு மயக்கத்தை எதிர்த்து நிற்கும். சாயவில்லையே என்று இரண்டாவது ஊசி போடுவார்கள், பிறகு மூன்றாவது. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கினால் மூச்சு நின்றுபோகும். ஆகவே சுற்றி நின்று கத்தும் கூட்டமும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது. செல்போனைத் தூக்கிக்கொண்டு சிறுத்தையை வேடிக்கை பார்க்க ஓடுகிறவர், தெரியாமலே அதன் உடம்பில் ஏறும் மருந்தைக் கூட்டுகிறார்.

தலைக்கு இவ்வளவு

டெல்லிக்கும் பிடிபட்ட விலங்குக்கும் உள்ள உறவில் மான் புதுவரவு. பழைய ஆள் செம்முகக் குரங்கு. 1950களில் போலியோ தடுப்பூசி தயாரிக்க இந்தக் குரங்கின் சிறுநீரகம் தேவைப்பட்டது. வட இந்தியாவில் பிடித்த குரங்குகள் ஆயிரக்கணக்கில் விமானம் ஏறின. 1955 தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் வழியில் லண்டன் விமான நிலையத்தில் வண்டிக்குள் அடைத்து வைத்திருந்த ஏறத்தாழ 400 குரங்குகள் மூச்சுத் திணறிச் செத்தன. பெரிய கண்டனம் எழுந்து, இந்திய அரசு சிறிது காலம் ஏற்றுமதியை நிறுத்தியது. முழுத் தடை வர 1978 ஆனது.

ஏற்றுமதி நின்றாலும் பிடிப்பது நிற்கவில்லை. துக்ளகாபாத் கோட்டையின் குரங்குகளை 1980களில் ஆராய்ந்த இக்பால் மாலிக், கண்டபடி பிடிப்பதால் கூட்டங்கள் முறையின்றிச் சிதறுகின்றன என்று காட்டினார். செம்முகக் குரங்கின் கூட்டம் பெண்வழியில் கட்டப்பட்டது. தாய், மகள், பேத்தி என்று பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குவார்கள். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போவார்கள். யாருக்கு யார் உறவு, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்வழியில் அடங்கியிருக்கிறது. நான்கு பெண்களைக் கூண்டில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டால், மிச்சமிருக்கும் குரங்குகள் அமைதியாகிவிடாது. கூட்டம் உடையும். உடைந்த துண்டுகள் புதிய தெருக்களில் குடியேறும்.

2007 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் நகரத்துக் குரங்குகளைப் பிடித்து அசோலா பட்டியில் விடச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் துணை மேயர் எஸ்.எஸ். பாஜ்வா தன் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டும்போது தவறி விழுந்து இறந்தார். வேலை வேகம் பிடித்தது. குரங்கு பிடிப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கட்டத்தில் அது 2,400 ரூபாய்க்கு உயர்ந்தது. தலைக்குக் கூலி என்றால் பிடிப்பவர் எதைப் பிடிப்பார்? கூட்டம் முழுவதையும் சேர்த்துப் பிடிக்க நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் சிக்கியதைப் பிடித்தால் அன்றைக்கே காசு. கூண்டுக்குள் வாழைப்பழத்தைத் தொங்கவிட்டால் முதலில் நுழைவது பயமறியாத குட்டிகளும் பசித்த இளசுகளும்தான். குட்டி மாட்டியதும் தாய் கூண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்பிக்கு உள்ளிருந்து குட்டி கத்துகிறது, வெளியிலிருந்து தாய் கத்துகிறது. எல்லாக் கூண்டுகளிலும் இரண்டும் ஒன்றாகச் சேர்வதில்லை.

அசோலா பட்டி பழைய சுரங்கப் பள்ளங்களும் சீமைக்கருவேலமும் நிறைந்த ஆரவல்லிக் கரடு. சீமைக்கருவேலம் நம் ராமநாதபுரத்துக்காரருக்குப் பழகிய மரம். அதைத் தின்று குரங்கு வாழ முடியாது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 20,000க்கும் மேற்பட்ட குரங்குகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அரசே பழமும் காய்கறியும் வாங்கிப் போட வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாத கூட்டங்களிலிருந்து வந்தவை ஒரே உணவு மேடையில் சந்தித்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? சுவரேறிக் குதித்தவை பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போயின.

இடையில் லங்கூர் எனப்படும் பெரிய மந்திகளைக் கயிற்றில் கட்டி அழைத்துவந்து செம்முகக் குரங்குகளை விரட்டும் தொழிலும் நடந்தது. ஒரு காட்டு விலங்கை விரட்ட இன்னொரு காட்டு விலங்கைச் சிறைப்பிடிக்கும் ஏற்பாடு. 2012க்குப் பிறகு மத்திய அரசு அதை நிறுத்தச் செய்தது. 2014இல் மாநிலங்களவையில் அன்றைய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சர் வெங்கையா நாயுடு, மந்தியைப் போலக் குரல் கொடுக்கப் பயிற்சி பெற்ற 40 பேர் பணியில் இருப்பதாகத் தெரிவித்தார். 2023 ஜி20 மாநாட்டின்போது மந்தியின் உருவம் வரைந்த அட்டைகளும் தெருவில் நின்றன. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் டெல்லி செய்ததில் எந்தக் குரங்கின் உடம்பையும் தொடாத முறை இது ஒன்றுதான்.

காப்பாற்றும் கை

பிடிப்பது என்றால் துன்புறுத்தவும் அனுப்பவும் மட்டும் இல்லை, காப்பாற்றவும் பிடிக்கிறோம். டெல்லியில் பட்டம் விடும் காலத்தில் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலில் சிக்கிப் பறவைகள் சிறகறுந்து விழும். வஜீராபாத்தில் பருந்துகளுக்குச் சிகிச்சை தரும் நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் சகோதரர்களை ஷௌனக் சென்னின் 2022 ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. அங்கே வரும் பருந்துக்குத் தன்னைத் தூக்குவது மருத்துவர் என்று தெரியாது. இரைகொல்லியின் பிடி என்றே அதன் உடம்பு எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். பறவையைக் கையில் எடுத்து மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால், மன அழுத்தச் சுரப்பான கார்டிகோஸ்டெரோனின் அளவு பிடிபடுவதற்கு முன் இருந்த அளவை ஒட்டியே இருக்கும். அதன் பிறகு ஏறத் தொடங்கிவிடும். பறவை ஆராய்ச்சியாளர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி வேலை செய்வது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பறந்துவிடுமோ என்று மார்பை இறுக்கிப் பிடிக்கிறவர் அதன் மூச்சை நிறுத்துகிறார். அன்பான கையாலும் பறவை சாகும்.

கதவு திறந்த பிறகு

பிடித்தாயிற்று, ஏற்றியாயிற்று, புதிய காட்டில் இறக்கியும் ஆயிற்று. தண்ணீர் எங்கே, மறைவு எங்கே, அந்த இடத்தின் பழைய குடி யார் என்று எதுவும் தெரியாமல் விலங்கு நிற்கிறது. காயமும் களைப்பும் ஒரு பக்கம், அறியாமை ஒரு பக்கம்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழுத்தமான சான்று. 1993 முதல் 2001 வரை அங்கே சிறுத்தை மனிதரைத் தாக்கியது ஆண்டுக்குச் சராசரியாக 4 முறை. 2001இல் சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. மனிதர் வாழும் பகுதிகளில் பிடித்த சிறுத்தைகளை அருகிலுள்ள காடுகளில் விட்டபின், தாக்குதல் ஆண்டுக்கு 17 ஆனது. மனிதரைக் காக்கச் செய்த வேலை மனிதருக்கே வினையாக முடிந்தது. இருந்தும் பழக்கம் போகவில்லை. 2016 இறுதியில் டெல்லி யமுனை பல்லுயிர்ப் பூங்காவில் ஒரு சிறுத்தை வந்து தங்கியது. தாவரவியலாளர்கள் பாடுபட்டு மீட்டெடுத்த அந்தக் காட்டுக்குக் கிடைத்த நற்சான்று என்று சொல்லத்தக்க வரவு. அதைக் கூண்டு வைத்துப் பிடித்துச் சிவாலிக் மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

யானையின் நினைவு தமிழ்நாட்டுக்காரருக்குப் புதிதில்லை. 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் பக்கம் விடப்பட்ட சின்னத்தம்பி, காட்டைவிட்டு இறங்கி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடந்து உடுமலைப்பேட்டை வட்டாரக் கரும்புக் காட்டுக்கு வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு கூண்டில் அடைத்தார்கள். 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருவில் ஓடியது. ஜூனில் மறுபடி ஊசி, மறுபடி லாரி, களக்காடு முண்டந்துறை. ஆறு வாரத்துக்குள் ஒரே யானையின் உடம்பு இரண்டு முறை இதையெல்லாம் தாங்கியது.

ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவந்த சிவிங்கிப்புலிகளைத் துன்புறுத்தியது பிடித்ததோடு கழுத்தில் தங்கிவிட்ட ரேடியோ காலர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஜூன் முதல் குளிர்காலம். அந்த நாள்காட்டியை உடம்பில் சுமந்துவந்த விலங்குகளுக்கு, இங்கே மழை கொட்டும் மாதங்களில் அடர்ந்த ரோமம் வளர்ந்தது. காலருக்கு அடியில் ஈரம் காயவில்லை. புண், புழு, ரத்தத்தில் நச்சு. 2023 ஜூலையில் தேஜஸ், சூரஜ் என்ற இரு ஆண்கள் நான்கு நாளுக்குள் இறந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு பெண்ணும் இறந்தது. அவற்றைக் கண்காணிக்கவும் காக்கவும் மாட்டிய கருவி அது.

மெதுவாகப் பிடிப்பது

பிடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. காயம்பட்டதைப் பிடிக்க வேண்டும். அழியும் இனத்தை வேறிடத்தில் வளர்க்கப் பிடிக்க வேண்டும். அதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 1960களில் யான் ஓலோஃப்ஸே வளர்த்தெடுத்த போமா முறை அவற்றில் ஒன்று. அகன்று தொடங்கிக் குறுகிக்கொண்டே போகும் ஒரு நீண்ட திரைத்தடுப்பு. வெளியே எதுவும் தெரியாததால் விலங்கு அதை மோதுவதில்லை. தீவனம் வைத்து நாட்கணக்கில் பழக்கலாம், அல்லது பின்னாலிருந்து மெல்ல ஒதுக்கலாம். கடைசியில் அது தானாகவே சாய்மேடை ஏறி இருண்ட லாரிக்குள் போய்விடும். யார் கையும் படுவதில்லை, ஊசியும் இல்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் வட்டாரத்தில் ஹெலிகாப்டரும் போமாவும் சேர்த்து 900க்கும் மேற்பட்ட வெளிமான்களையும் நீலான்களையும் பிடித்து இடம் மாற்றினார்கள். போமாவிலும் விலங்கு மிரளும், ஓடும். ஆனால் ஓட்டம் குறுகியது. உயிர் தங்குமா என்பதைத் தீர்மானிப்பது ஓட்டத்தின் நீளம்தான்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, முதல் அட்டவணை விலங்கைப் பிடிப்பதும் இடம் மாற்றுவதும் அதற்கு மிகக் குறைந்த அதிர்ச்சி தரும் வகையில் நடக்க வேண்டும் என்கிறது. செம்முகக் குரங்கோ 2022 திருத்தத்தில் அட்டவணைகளிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. 2023 ஏப்ரல் முதல் அதற்கு மிச்சமிருப்பது முக்கியமாக 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம்தான். ஆனால் அட்டவணை மாறியதால் குரங்கின் அட்ரினல் சுரப்பி மாறிவிடவில்லை.

இத்தனை விலங்குகள் பாதுகாப்பாகப் பிடிக்கப்பட்டன என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை நிமிடம் துரத்தினார்கள்? தரையில் கிடந்தபோது உடல் வெப்பம் எவ்வளவு இருந்தது? ஒரு மாதம் கழித்து எத்தனை உயிரோடு இருந்தன? மூன்றுக்கும் பதில் எழுதி வைத்திருப்பவர்கள் மட்டுமே பாதுகாப்பாகப் பிடித்தோம் என்று சொல்லத் தகுந்தவர்கள். உங்கள் தெருவில் காயம்பட்ட பறவை கிடந்தால் துணியைப் போர்த்தி, மார்பை நெருக்காமல் எடுத்து, காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். இருட்டில் விட்டு, சிகிச்சை தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.